களிப்பாட்டில் ஒல்லாந்து துரைத்தனம்

1821ஆம் ஆண்டு மார்ச் ஐந்தாம் தேதி, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பழவேற்காட்டு ஏரியின் கோட்டைக்குப்பத்துக் கரையில் முப்பத்தாறு கண்டல் மரக் கம்புகளைக் கிடத்தி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக நுனி சீவிக்கொண்டிருந்தான் செங்கல்வராயன். முப்பத்தொன்று முடிந்திருந்தது. முப்பத்திரண்டாவதை மடியில் எடுத்துப் போட்டபோது தெற்கே தண்டோரா கேட்டது.

அந்தக் கரையில் தண்டோராவுக்கு யாரும் தலை தூக்குவதில்லை. டச்சுக்காரரான ஒல்லாந்தர் அடித்தார்கள். இங்கிலீஷ்காரர் வந்து அடித்தார்கள். மறுபடி ஒல்லாந்தர், மறுபடி இங்கிலீஷ்காரர், இப்போது மூன்று வருஷமாக மறுபடியும் ஒல்லாந்தர். அரசாங்கம் மாறியதே தவிர தப்பட்டை மாறவில்லை. அடிக்கிற மாரியும் மாறவில்லை. ஆனால் அன்றைக்கு மாரி ‘களிப்பாடு’ என்ற பெயரைச் சொன்னான். செங்கல்வராயன் கத்தியைக் கீழே வைத்தான்.

“இதனால் சகலமான குடிகளுக்கும் தெரிவிப்பது யாதெனில்,” என்று மாரி மூச்சு வாங்கினான். “ஏரியில் களிப்பாடு என்று வழங்கும் இடத்தின் அடியில் கிடக்கும் வெண்களியானது, இன்று தொடங்கி மறு உத்தரவு வரையில், துரைத்தனத்துச் சாஸ்திரக் களிமண் என்று அறிவிக்கப்படுகிறது. அவ்விடத்தில் மீன்பிடிக் கம்பு நடுவதும், வலை கட்டுவதும், காலை வைப்பதும், வைத்த காலைத் தூக்குவதும் கூடாது. மீறினால் தோணியும் வலையும் ஜப்தி.”

பக்கத்தில் வலை முடிந்துகொண்டிருந்த அங்கமுத்து நிமிர்ந்தான். “கால வெக்கவும் கூடாது, தூக்கவும் கூடாதுன்னா, இப்ப உள்ள நிக்கிறவன் இன்னா பண்றது?”

“அதுக்குத் தனியா உத்தரவு வரும்” என்று சொல்லிவிட்டு மாரி தோணிரேவுப் பக்கம் நடந்தான்.

களிப்பாடு என்பது முகத்துவாரத்துக்கு உள்ளே, தண்ணீர் இடுப்பளவு நிற்கும் ஒரு திட்டு. ஏரியில் வளர்ந்து கடலுக்குத் திரும்பும் இறால் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும். எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் இறால் மிஞ்சும், மனிதர்கள் மிஞ்சமாட்டார்கள். ஆகவே பாட்டன் பூட்டன் காலத்திலேயே அம்மன் கோயில் முன்னால் சீட்டுப் போட்டு, வருஷத்தில் குடும்பத்துக்கு ஒரு நாளாக, முப்பது குடும்பத்துக்கு முப்பது நாள் என்று பாடு, அதாவது வலை கட்டும் முறை, பிரித்துவிட்டார்கள். முப்பது பெயரும் முப்பது ஓலையாக ஒரு பானையில் கோயிலிலேயே இருந்தன. செங்கல்வராயன் குடும்பத்துக்கு விழுந்தது பங்குனி அமாவாசை. அதைவிட நல்ல நாள் அந்தப் பானையில் இல்லை.

இந்தப் பாடு முறைக்கு மூன்றே வழக்கம். தன் நாளில் கம்பு நட்டவனுக்குத்தான் பாடு. ஓலை இல்லாதவன் நட்டால் அவன் வலையைக் கொளுத்த வேண்டும். தொடர்ந்து மூன்று வருஷம் கம்பு நடாதவனின் ஓலை பானையிலிருந்து எடுக்கப்படும். எடுத்த ஓலை பிறகு எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே போகாது. இடம் ஒன்று காலியானால்தான் புது ஓலை.

செங்கல்வராயன் 1819இல் கம்பு நடவில்லை. அமாவாசைக்கு முதல் நாள் அவன் தகப்பனார் செத்துப்போனார். 1820இல் நடவில்லை. நடுவழியில் தோணியின் அடிப்பலகை விட்டுப்போனது. இது மூன்றாவது வருஷம். அமாவாசைக்கு இருபத்தெட்டு நாள் இருந்தது. பெரியசாமி, ராமன் என்று இரண்டு மகன்கள் இருந்தார்கள். ஓலை போனால் அவர்கள் இருவரும் அடுத்தவன் தோணியில் கூலிக்குத்தான் போக வேண்டும்.

ஒல்லாந்து துரைத்தனத்துக்குக் களிமண் ஏன் வேண்டியிருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

1818இல் ஒல்லாந்தர் பழவேற்காட்டுக்குத் திரும்பி வந்தபோது கோட்டை இல்லை. இங்கிலீஷ்காரர் அதை இடித்துவிட்டிருந்தார்கள். ஆனாலும் கோட்டைக்குக் காவல்காரர் நியமனம் ஆனது. கப்பல் வராத துறைக்குத் துறைமுக அதிகாரி வந்தார். நெசவாளர் போய்விட்ட ஊருக்குத் துணிப் பரிசோதகர் வந்தார். இவர்களுக்கெல்லாம் மேலே ரெசிடெண்டாக ப்ளூம்ஹார்ட் துரை வந்தார். நல்ல மனிதர், லஞ்சம் வாங்காதவர். கொடுப்பதற்கு அங்கே யாரும் இல்லை.

ஐரோப்பாவில் அப்போது காற்றுதான் மோஸ்தர். போன தலைமுறையில் பொய்முடி வைத்துக்கொண்ட கனவான்கள், இந்தத் தலைமுறையில் கண்ணாடிக் குடுவை வைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வீடு எதையாவது காய்ச்சி, அதிலிருந்து எழும்பிய காற்றுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். துரைக்கு ஊரிலிருந்து வந்த பழைய பத்திரிகை ஒன்றில், ஆம்ஸ்டர்டாம் கனவான்கள் நால்வர் கால் நூற்றாண்டுக்கு முன் செய்த சோதனை இருந்தது. சாராயத்தைக் கொதிக்க வைத்து, ஆவியைப் பழுக்கக் காய்ந்த களிமண் குழாய் வழியாக விட்டிருக்கிறார்கள். மறுமுனையில் வந்தது சாராயம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு காற்று வந்தது. பற்ற வைத்தால் பளிச்சென்று எரிந்தது. பச்சை நிறமான வேறொரு காற்றோடு கலந்தால் இரண்டுமாகச் சேர்ந்து எண்ணெயாக மாறியது. எல்லாவற்றையும்விட அதிசயம், களிமண்ணுக்கு ஒன்றுமே ஆகவில்லை. மண் இல்லாவிட்டால் மாற்றம் இல்லை. ஆனால் மாற்றத்தில் மண் செலவாகவும் இல்லை.

துரை அன்றே ஜாவாத் தீவின் படேவியாவில் இருந்த மேலிடத்துக்கு நாற்பத்தெட்டுப் பக்கம் எழுதினார். பழவேற்காட்டைச் சுற்றிப் பனை நிற்கிறது. பனையில் கள் இருக்கிறது. கள்ளில் சாராயம் இருக்கிறது. சாராயத்தில் விளக்குக்குக் காற்றும், சாயத்துக்கும் மருந்துக்கும் வேண்டிய எண்ணெயும் ஒளிந்திருக்கின்றன. ஆகவே பழவேற்காடு வீண் ஊர் அல்ல.

கனவான்கள் உபயோகித்தது புகைக்குழாயின் களிமண் தண்டு. துரையிடம் இருந்த புகைக்குழாய்களில் மிச்சம் ஒன்றுதான். அது அவர் வாயில் இருந்தது. புகைப்பதை விடுவதா, வேறு களிமண் தேடுவதா என்று ஆலோசனைச் சபை ஒரு நாள் முழுக்க விவாதித்து, வேறு களிமண் தேடுவது என்று தீர்மானித்தது. துபாஷி நீலமேகம் ஏரியில் பதினேழு இடத்து மண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். பதினேழாவது நாக்கில் ஒட்டிக்கொண்டது. அது களிப்பாட்டு மண்.

தண்டோரா போட்ட மறுநாள் காலை செங்கல்வராயன் துரைத்தனத்து அலுவலகமான கச்சேரிக்குப் போனான். துபாஷி நீலமேகத்துக்கு அப்போது முப்பது வயது. ஒல்லாந்து பாஷையும் இங்கிலீஷ் பாஷையும் தெரியும். எந்தப் பாஷையிலும் ‘இல்லை’ என்று சொல்லாமலே இல்லை என்று சொல்லத் தெரியும்.

“ஏம்பா, உனக்கு என்ன நஷ்டம்?” என்றார்.

“பாடு பூடும் சாமி.”

“மண்ணை எடுத்துக்கொண்டு போய்விட்டோமா?”

“இல்ல.”

“எடுத்தாலும் அது தேயாத மண். உபயோகித்துவிட்டு அப்படியே திரும்பப் போடலாம். தேயாத பொருளால் யாருக்கும் நஷ்டம் வராது. இது சாஸ்திரம்.”

“மண்ணு எனக்கு வேணாம் சாமி. அது மேல கம்பு நடணும். ஒரு நாளு போதும்.”

“கம்பு நட்டால் மண் கலங்கும். கலங்கின மண் சாஸ்திரத்துக்கு ஆகாது.”

“அந்த மண்ணு அப்படி இன்னாதான் பண்ணுது சாமி?”

துபாஷி தொண்டையைச் சரிசெய்துகொண்டார். “ஒன்றும் பண்ணாது. நடுவில் இருக்கும். வருவதெல்லாம் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். போகும்போது வேறாக மாறிப் போகும். மண் மட்டும் இருந்தபடியே இருக்கும். வளராது, தேயாது. ஆனால் அது இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது.”

செங்கல்வராயன் கச்சேரியைச் சுற்றிப் பார்த்தான். துறைமுக அதிகாரி சாய்வு நாற்காலியில் கண் மூடியிருந்தார். துணிப் பரிசோதகர் தன் கைக்குட்டையைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்.

“புரிஞ்சிபோச்சு சாமி” என்றான். “இந்தக் கச்சேரி மாதிரி.”

துபாஷி அதைத் துரையிடம் மொழிபெயர்த்துச் சொன்னார். துரைக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு படிக்காத வலைஞனுக்கு இவ்வளவு சாஸ்திர ஞானமா என்று வியந்து, அடுத்த கடிதத்திலேயே ‘கச்சேரி என்பது அரசாங்கத்தின் களிமண்’ என்று படேவியாவுக்கு எழுதினார். செங்கல்வராயனைக் கூப்பிட்டு, நடந்துகொண்டிருந்த சோதனையைப் பார்க்க அனுமதித்தார்.

பின்கட்டில் உடைமர விறகு எரிந்துகொண்டிருந்தது. இடிந்த கோட்டையில் கிடைத்த பழைய துப்பாக்கிக் குழல் ஒன்றைக் குறுக்கே கிடத்தி, உள்ளே களிப்பாட்டு மண்ணைச் சின்னச் சின்ன உருண்டையாக அடைத்திருந்தார்கள். ஒரு முனையில் சாராயப் பானை கொதித்தது. மறுமுனை தண்ணீர்த் தொட்டிக்குள் போய்க் குமிழி விட்டது. குமிழியை ஒரு குடுவையில் பிடித்தார்கள். ஒரு பானைச் சாராயம் தீர்ந்ததும் குடுவையின் வாயில் துரை தன் கையாலேயே நெருப்பு வைத்தார். பளிச்சென்று எரிந்தது. அந்த வெளிச்சத்தில் துரை ஒரு புத்தகத்தின் பாதிப் பக்கத்தைப் படித்தார். அணைந்துவிட்டது. பட்டப்பகல் என்பதால் மீதிப் பக்கத்தையும் படித்தார்.

எல்லோரும் கை தட்டினார்கள்.

“சாமி,” என்றான் செங்கல்வராயன் துபாஷியின் காதோரம், “சாராயத்திலயே திரியப் போட்டா இதவிட ஜாஸ்தி நேரம் எரியுமே.”

“அது எரிப்பது” என்றார் துபாஷி. “இது மாற்றுவது.”

“மாத்தி?”

“எரிப்பது.”

செங்கல்வராயன் அங்கிருந்து நேரே ஊர்ப் பெரியதனக்காரர் துளசிங்கத்திடம் போனான். துளசிங்கம் அவனுக்கு மாமா முறை. மூன்றாம் வருஷம் என்பதைக் கைவிரலில் எண்ணிப் பார்த்துச் சரிதான் என்று தலையாட்டினார்.

“மாமா, நான் நடமாட்டேன்னு சொல்லல. அவன் வுடமாட்டேன்றான்.”

“ஏன் நடலைன்னு வழக்கம் கேக்காதுடா வராயா. நட்டானா இல்லியான்னுதான் கேக்கும். உன் நைனா செத்தப்பவும் கேக்கல, தோணி ஒடைஞ்சப்பவும் கேக்கல. இப்ப மட்டும் கேட்டா நாளிக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் கொண்டாருவான். பானையில ஓலையா போடறது, காரணமா போடறது?”

“ஒரு வருஷம் தள்ளி வெச்சா இன்னா?”

“அதுக்கும் வழக்கமில்ல.”

கச்சேரியிலாவது நாற்காலி இருந்தது, இங்கே அதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். மனைவி மணியம்மாள் காய்ந்த மீனைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். கச்சேரிச் சமையலறைக்குத் தினமும் மீன் கொண்டுபோவது அவள்தான். துரைத்தனத்தைப் பற்றி ஊரில் அவளுக்குத் தெரிந்த அளவு படேவியாவுக்கும் தெரியாது.

“இன்னாய்யா, மூஞ்சி தொங்கிகினு கீது?”

அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் மீனைப் புரட்டுவதை நிறுத்தவில்லை.

“அவ்ளோ ஒசந்த மண்ணா அது?”

“ஆமாம்மே. கால வெக்கக் கூடாது, கலக்கக் கூடாது.”

“நாம வெக்கக் கூடாது, சரி. எறாலு?”

“எறாலு இன்னா?”

“எறாலு அந்த மண்ணுலதானே பொதைஞ்சிகினு கெடக்குது. நாள் பூரா காலால பறிச்சிகினு கீது. அதுக்கு ஆருய்யா தண்டோரா போட்டது?” என்றாள் மணியம்மாள். “போய் உங்க தொரைகிட்ட சொல்லு. மண்ணுக்கு வேலி இல்லியான்னு கேளு. சொல்லிட்டு வாய மூடிகினு நில்லு. மீதிய அவங்களே பேசிடுவாங்க.”

அப்படியே ஆயிற்று.

இறால்கள் சாஸ்திரக் களிமண்ணைக் கிளறுகின்றன என்ற செய்தியைக் கேட்டதும் துரை புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்தார். ஆலோசனைச் சபை கூடியது. இறால்களுக்கு உத்தரவை எப்படித் தெரிவிப்பது என்று துறைமுக அதிகாரி கேட்டார். தெரிவித்தாலும் அவை ஒல்லாந்துப் பிரஜைகள்தானா என்று துணிப் பரிசோதகர் சந்தேகப்பட்டார். இரண்டு நாள் விவாதத்துக்குப் பிறகு துரை கேட்டார்: “அவை நுழையாமல் தடுக்க ஏதாவது வழி உண்டா?”

செங்கல்வராயன் வாயை மூடிக்கொண்டு நின்றான்.

“வேலி போடலாம்” என்றார் துபாஷி.

“எதனால்?”

“கம்பினால். கம்புக்குக் கம்பு இடைவெளி இருக்கும். அதில் இறால் நுழையும். ஆகவே இடைவெளியில் வலை.”

“எப்போது போடுவது உத்தமம்?”

எல்லோரும் செங்கல்வராயனைப் பார்த்தார்கள். “பங்குனி அமாவாசைக்குத்தான் தொரை அதுங்க அட்டூழியம் ஜாஸ்தி” என்றான்.

ஏப்ரல் இரண்டாம் தேதி, பங்குனி அமாவாசையன்று, களிப்பாட்டில் முப்பத்தாறு கம்புகள் கொண்ட ‘சாஸ்திர மண் காப்பு வேலி’ ஒன்றை அமைக்கும்படி உத்தரவு ஆயிற்று. செங்கல்வராயன் ‘களிமண் காவலன்’ என்று நியமனம் பெற்றான். மீன்பிடிக் கம்பு நடக் கூடாது என்ற பழைய உத்தரவும் அப்படியே இருந்தது. இரண்டுக்கும் முரண்பாடு இல்லை என்று மூன்றாவதாக ஓர் உத்தரவு வந்தது. வேலியில் சிக்கும் இறால்கள் அத்துமீறி நுழைந்தவை என்பதால், ஒரு கூடை மட்டும் பரிசோதனைக்காகக் கச்சேரிக்கு வர வேண்டும். மற்றவற்றைக் காவலன் அவ்விடத்திலிருந்து அப்புறப்படுத்த வேண்டும். எப்படி அப்புறப்படுத்துவது என்பது காவலனின் விருப்பம். அரக்கு முத்திரை வைத்த அந்தக் காகிதத்தை மணியம்மாள் உப்புப் பானைக்குள் பத்திரமாக வைத்தாள்.

அமாவாசையன்று மத்தியானம் அவன் முப்பத்தாறு கம்பையும் நட்டான். வழக்கமாக நடுகிற அதே இடம், அதே வளைவு, அதே வலை. தோணிரேவு ஆட்களும் பசியாவரத்து ஆட்களும் தோணியில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு சேவகன் கரையில் நின்று, இது மீன்பிடிப்பது இல்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

மறுநாள் விடிந்ததும் வலையைத் தூக்கினார்கள். இரண்டு வருஷம் விட்டுப்போனதற்கும் சேர்த்து விழுந்திருந்தது. தோணி கரைக்கு வரும்போது தண்ணீர் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. மணியம்மாள் சிரித்து அங்கமுத்து பார்த்தது அன்றைக்குத்தான்.

கரையில் துபாஷி நீலமேகம் பரிசோதனைக் கூடையை வாங்க இரண்டு சேவகர்களோடு வந்து நின்றார். அதே கரையில், அதே நேரத்தில், பெரியதனக்காரர் துளசிங்கமும் ஊரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“வராயா,” என்றார் துளசிங்கம். “நேத்து களிப்பாட்டுல கம்பு நட்டது ஆரு?”

செங்கல்வராயன் வாயைத் திறந்தான். பிறகுதான் அந்தக் கேள்வியைப் பார்த்தான். நான் என்றால் ஓலை நிற்கும். ஆனால் மீன்பிடிக் கம்பு நட்டதாகத் துபாஷி முன்னாலேயே ஒப்புக்கொண்டது ஆகும். தோணி போகும், வலை போகும், அவனும் போவான். கோட்டை இல்லாததால் கைதிகளைக் கல்லறைத் தோட்டத்துக் காவல்காரன் குடிசையில்தான் வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் இல்லை என்றால் தோணி நிற்கும். ஓலை போகும்.

“கேக்கறேனில்ல. நட்டது ஆரு?”

“கையி என்னுது மாமா.”

“கைக்கு ஓலை கெடையாது. ஆரு பேர்ல நட்ட?”

துபாஷி கூடையிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தார். சேவகர்களும் பார்த்தார்கள். மணியம்மாள் ஏரியைப் பார்த்தாள்.

“தொரைத்தனம்” என்றான் செங்கல்வராயன்.

துளசிங்கம் தலையாட்டினார். “அப்ப நீ நடல. மூணாவது வருஷம். உன் ஓலை போச்சு.”

கூட்டத்தில் ஒருவன் கேட்டான்: “ஓலை இல்லாத தொரைத்தனம் கம்பு நட்டுகீதே பெரியவரே. வலையக் கொளுத்த வேணாமா?”

துளசிங்கம் சேவகர்களின் ஈட்டியைப் பார்த்தார், வலையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். வழக்கம் மீறப்பட்டுவிட்டது. மீறியவனைத் தண்டிக்க முடியாது. தண்டிக்காமல் விட்டால் வழக்கம் செத்துப்போகும்.

“கொளுத்த முடியலைன்னா ஓலை போட்டுட வேண்டியதுதான்” என்றார் கடைசியில். “வராயன் எடம் இப்ப காலிதானே. தொரைத்தனம் ஓலை வெச்சிகினுதான் நட்டுச்சுன்னு ஆயிடும். வழக்கத்துக்கு ஒரு கொறையும் வராது.”

அன்றே பானையிலிருந்து செங்கல்வராயன் குடும்பத்து ஓலை எடுக்கப்பட்டது. ‘ஒல்லாந்து துரைத்தனம்’ என்று எழுதிய புது ஓலை உள்ளே போனது.

இந்தச் செய்தி துரைக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. மூன்று வருஷத்தில் ஒல்லாந்து துரைத்தனத்துக்குப் புதிதாகக் கிடைத்த முதல் நிலம் அதுதான், தண்ணீருக்கு அடியில் இருந்தாலும். ‘நமது ஆட்சி முப்பத்தாறு கம்பு அளவு விரிவடைந்திருக்கிறது’ என்று படேவியாவுக்கு எழுதினார். பரிசோதனைக் கூடையைத் துரையும் துபாஷியும் இரண்டு வேளை பரிசோதித்தார்கள். மறுநாள் துபாஷி துளசிங்கத்தின் வீட்டுக்கு வந்து, தன் பெயர் எழுதிய ஓலை ஒன்றை நீட்டினார்.

“நீங்க வலை புடிக்கிறவரு இல்லியே சாமி.”

“துரைத்தனம் மட்டும் பிடிக்கிறதா?”

துளசிங்கம் கோயில் பக்கம் கையைக் காட்டினார். “பானைக்குப் பக்கத்துல வெச்சிட்டுப் போங்க” என்றார். “எடம் காலியானா பாக்கலாம்.”

அதன் பிறகு ஒவ்வொரு பங்குனி அமாவாசைக்கும் களிமண் காவலன் செங்கல்வராயன் ஒல்லாந்து துரைத்தனத்துக்காகக் கம்பு நட்டான். ஒரு கூடை கச்சேரிக்குப் போனது. மீதி அவன் வீட்டுக்குப் போனது. ஓலை போன வீட்டில் இறால் காய்வதைப் பார்த்து ஊரில் சிலருக்கு வயிறு எரிந்தது. ஆனால் வழக்கத்தில் அதற்கும் இடமில்லை. பாடுள்ளவர்கள் கூடும் கூட்டத்துக்குத் துரைத்தனம் வரவில்லை என்று ஒரு முறை துளசிங்கம் துரைக்கு ஆள் அனுப்பினார். துரை தன் பிரதிநிதியாகச் செங்கல்வராயனை அனுப்பினார். “தொரைத்தனம் வந்துகீதா?” என்று கேட்பார்கள். “வந்துகீது” என்று சொல்லிவிட்டு அவன் அங்கமுத்துவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான்.

“தொரைத்தனமே, கொஞ்சம் நவுந்து குந்து” என்பான் அங்கமுத்து.

சோதனை நான்கு வருஷம் நடந்தது. பச்சைக் காற்று செய்ய வேண்டிய சரக்கு வரவில்லை என்பதால் எண்ணெய் வரவில்லை. துப்பாக்கிக் குழல் இரண்டு முறை வெடித்தது. சாராயத்தின் தரத்தைக் கொதிக்க வைப்பதற்கு முன் சோதிக்கும் பொறுப்பைத் துறைமுக அதிகாரியும் துணிப் பரிசோதகரும் ஏற்றுக்கொண்டார்கள். நாளடைவில் கொதிக்க வைக்கும் அளவுக்கு எதுவும் மிஞ்சவில்லை. 1824ஆம் வருஷத்து அறிக்கையில் துரை எழுதினார்: ‘சாராயம் முழுவதும் செலவாகிவிட்டது. களிமண் சிறிதும் குறையவில்லை. ஆகவே சாஸ்திரம் மெய்ப்பிக்கப்பட்டது.’ படேவியாவிலிருந்து முதல் பதில் அதன் பிறகுதான் வந்தது. இறாலில் மாதிரிக்கு ஒன்று அனுப்பும்படி கேட்டிருந்தார்கள்.

1825ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி ஒல்லாந்தர் பழவேற்காட்டை இங்கிலீஷ்காரரிடம் ஒப்படைத்தார்கள். ஒப்படைத்த பொருள்களின் பட்டியலில் கொடிமரம் இருந்தது, கல்லறைத் தோட்டம் இருந்தது, வெடித்த துப்பாக்கிக் குழல் இருந்தது. களிப்பாடு இல்லை. அது பட்டியலில் வர வேண்டியது என்று யாருக்கும் தோன்றவில்லை. ப்ளூம்ஹார்ட் துரை தோணியில் ஏறும்போது புகைக்குழாய் கை தவறிக் கல்லில் விழுந்து உடைந்தது.

துபாஷி நீலமேகம் அதே மேஜையில், அதே நாற்காலியில், இங்கிலீஷ் கச்சேரியின் துபாஷியாக உட்கார்ந்திருந்தார். செங்கல்வராயன் அவர் முன்னால் போய் நின்றான்.

“வேலி இன்னா ஆவுது சாமி?”

“உத்தரவு ரத்தாகி இருக்கிறதா?”

“இல்ல.”

“அப்போது இருக்கிறது.”

“தொரைத்தனம் பூட்டுதே.”

“துரைத்தனம் போகும், வரும். உத்தரவு இருக்கும்” என்று சொல்லிவிட்டு நீலமேகம் இங்கிலீஷில் எதையோ எழுதத் தொடங்கினார். “கூடையை மட்டும் மறந்துவிடாதே.”

அவன் மறக்கவில்லை. ஆம்ஸ்டர்டாமில் யாருக்கும் தெரியாமல் ஒல்லாந்து துரைத்தனம் இன்னும் பதினாறு பங்குனி அமாவாசைக்குக் களிப்பாட்டில் கம்பு நட்டது. பாடுள்ளவர்கள் கூட்டத்தில் அதன் பெயரைக் கூப்பிட்டார்கள். “வந்துகீது” என்று செங்கல்வராயன் சொன்னான். தலை நரைத்தது, முன் பல் இரண்டு விழுந்தது. துரைத்தனத்தை ஒரு முறைகூடத் தாமதமாக வர விடவில்லை.

1841ஆம் வருஷம் ஆடி மாதத்தில் அவன் செத்துப்போனான். காரியம் முடிந்ததும் பெரியசாமியும் ராமனும் பெரியதனக்காரரைப் பார்க்கப் போனார்கள். துளசிங்கத்துக்குக் கண் தெரியவில்லை. வழக்கம் மட்டும் தெரிந்தது.

“தாத்தா, எங்க ஓலைய திரும்பப் போடுங்க” என்றான் பெரியசாமி.

“எடுத்த ஓலை போடறதில்ல.”

“அப்ப புதுசா எங்க பேர்ல ஒண்ணு.”

“எடம் காலியில்ல. ஒல்லாந்துக்காரன் கீறானே.”

“அவன் போயி பதினாறு வருஷம் ஆவுது.”

“போனானா வந்தானான்றது நமக்கு எதுக்கு? இந்தப் பங்குனி வரிக்கும் கம்பு நட்டுகினுதானே வந்தான். தவறாம நடறவன எப்படித் தூக்கறது?”

ராமன் அண்ணனைப் பார்த்தான். “நாங்க நடலைன்னா?”

“மூணு வருஷம் நடலைன்னா அவன் ஓலை பூடும். எடம் காலியாவும். இதுல இன்னா சந்தேகம்?”

அண்ணன் தம்பி இருவரும் வீட்டுக்கு வந்து, முப்பத்தாறு கம்புகளையும் கூரையில் செருகினார்கள். “வேணாம்டா” என்றாள் மணியம்மாள். “அவர் சாகற வரிக்கும் நட்டாரு. நீங்களும் ஒல்லாந்துக்காரனாவே இருந்துட்டுப் போங்களேன். ஆரு கேக்கப் போறா?” அவர்கள் கேட்கவில்லை. அப்பன் பெயரில் ஓலை வேண்டும் என்றார்கள். 1842ஆம் வருஷமும் 1843ஆம் வருஷமும் பங்குனி அமாவாசைக்கு இரண்டு பேரும் கரையில் உட்கார்ந்து, களிப்பாட்டு வழியாக இறால் கடலுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்ற நாளில் அங்கமுத்துவின் தோணியில் கூலிக்குப் போனார்கள்.

கச்சேரிக்குக் கூடை வராததை நீலமேகம் முதல் வருஷமே கவனித்தார். கோயிலுக்கு ஒரு நடை போய், பானைக்குப் பக்கத்தில் தன் ஓலை செல்லரிக்காமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்தார்.

1844ஆம் ஆண்டு மார்ச் பத்தொன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணி வரையில், மூன்றாவது வருஷமாகக் களிப்பாட்டில் கம்பு நடப்படவில்லை. ஒல்லாந்து துரைத்தனத்தின் ஓலை பானையிலிருந்து எடுக்கப்பட்டது. அந்த இடத்தில், இருபத்து மூன்று வருஷமாகக் காத்திருந்த துபாஷி நீலமேகத்தின் ஓலை போடப்பட்டது.